பொம்மை வரைய ஒரு காலேஜா?

மீமிசல் பிள்ளைக்கு அனிமேஷன் படிக்க ஆசை வந்தால்... எங்கே சேரலாம், என்ன கற்றுக்கொள்ளலாம், முடித்த பிறகு சோறு போடுமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரச் சுவர்கள் கல்லூரி விளம்பரங்களால் நிறைந்துவிடும். இன்ஜினீயரிங், நர்சிங், கேட்டரிங் என்ற பழைய வரிசையில் சில வருடங்களாக அனிமேஷனும் இடம்பிடித்திருக்கிறது. பறக்கும் டிராகன், துப்பாக்கி ஏந்திய ரோபோ, அதன் கீழே ‘100 சதவிகித வேலைவாய்ப்பு’. பார்க்கிற பிள்ளைக்கு ஆசை வரத்தான் செய்யும். வீட்டில் போய்ச் சொன்னால் அத்தாவோ அப்பாவோ கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “பொம்மை வரையறதுக்கு ஒரு காலேஜா?”

கேள்வியில் கிண்டல் இருந்தாலும் நியாயமும் இருக்கிறது. தொண்டிக்கும் மணமேல்குடிக்கும் நடுவே, புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில் தாலுகாவில் இருக்கும் கடலோர ஊர் மீமிசல். மீன், உப்பு, இறால் பண்ணை, மழையை நம்பிய வயல், வளைகுடாவிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் வரும் சம்பளம் என்று இவற்றில்தான் இந்தப் பக்கத்து வீடுகள் ஓடுகின்றன. சபுராளி, அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர் வீட்டில் பிள்ளையின் படிப்புச் செலவு என்றால், யாரோ ஒருவர் பாலைவன வெயிலில் இன்னும் இரண்டு வருடம் கூடுதலாக நிற்கிறார் என்று பொருள். அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

இன்னொரு பக்கம், பிள்ளைகள் ஏற்கெனவே இந்தத் தொழிலின் வாசல்படியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். செல்போனில் ஐபிஸ் பெயின்ட் போட்டு விரலால் விஜய்யையும் நருட்டோவையும் வரைகிறவர்கள், கைன்மாஸ்டரில் கல்யாண வீடியோ வெட்டுகிறவர்கள், ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்து காதுகுத்துப் பேனருக்கு மாமன்மார் முகங்களைப் போட்டோஷாப்பில் அறுத்து ஒட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சிற்றூர்களைப் பொறுத்தவரை டிஜிட்டல் ஓவியத்துக்கு முதல் பள்ளிக்கூடம் அந்த ஃப்ளெக்ஸ் கடைதான். தலைமுடி ஓரத்தைப் பிசிறில்லாமல் வெட்டுகிற பையன் செய்வதும், ஹாலிவுட் படத்துக்கு ஒரு ஸ்டுடியோவில் நடக்கும், உருவத்தைப் பிரித்தெடுக்கும் ‘ரோட்டோ’ வேலையும் ஒரே இனம். நடுவில் இருக்கும் தூரத்தைக் கடக்க வைப்பது கல்லூரியின் வேலை. எந்தக் கல்லூரி அதைச் செய்யும் என்பதுதான் கேள்வி.

இந்தப் படிப்பை விசாரித்துப் பார்த்தவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் ஒன்று உண்டு. அனிமேஷன் படிப்பில் முதலில் பழக வேண்டியது கண், அடுத்தது கை, கடைசியில்தான் கம்ப்யூட்டர். இந்த வரிசை தெரிந்து கல்லூரி தேடுகிறவருக்குப் பணம் வீண்போகாது. சாஃப்ட்வேர் பட்டியலின் நீளத்தைப் பார்த்துச் சேர்கிறவர்தான் பிறகு தவிக்கிறார்.

முதல் பாடம்: ஒரு பந்து

நல்ல அனிமேஷன் வகுப்பில் முதல் வாரம் டிராகன் வராது. ஒரு பந்து வரும். அது தரையில் விழுந்து எழும்பி, மறுபடி விழுந்து, உருண்டு நிற்க வேண்டும். ரப்பர் பந்தாக இருந்தால் எப்படி எழும்பும், கிரிக்கெட் பந்தானால் எப்படி, தண்ணீர் நிரப்பிய பலூனானால் எப்படி? உச்சிக்குப் போகும்போது வேகம் குறைகிறது, இறங்கும்போது கூடுகிறது. தரையில் படும் கணத்தில் தட்டையாகிறது, எழும்பும்போது நீள்கிறது. எடை என்பதைக் கோட்டில் காட்டக் கற்றுக்கொள்ளும் பயிற்சி இது. பிறகு ஊசல், கொடி, மாவு மூட்டை, நடை என்று படிப்படியாகப் போகும். டிஸ்னியின் மூத்த கலைஞர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் எழுதிய நூலில் தொகுத்த 12 அடிப்படை விதிகள்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க இந்த வகுப்புகளின் அரிச்சுவடி.

கணக்கும் எளிது. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 ஓவியம் போதும். பத்து நிமிடக் குறும்படம் என்றால் 14,400 ஃபிரேம். முக்கியமான நிலைகளை மட்டும் வரைவது ‘கீ’. அவற்றுக்கு நடுவே நிரப்புவது ‘இன்பிட்வீன்’. கம்ப்யூட்டர் வந்த பிறகு இடைப்பட்டதை அது நிரப்பித் தருகிறது. ஆனால் கீ எங்கே விழ வேண்டும், எந்த இடத்தில் தயங்க வேண்டும், எந்த இடத்தில் சட்டென்று திரும்ப வேண்டும் என்பதை அதற்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்குவதற்காகத்தான் ஆளை உட்கார வைத்து வரையும் ‘லைஃப் டிராயிங்’, எலும்பு தசை அமைப்பு, நிறம், நாடகம், நடிப்பு, திரைக்கதை எல்லாம் பாடத்திட்டத்தில் இருக்கின்றன.

முப்பரிமாண அனிமேஷனில் வேலை பல கைகளாகப் பிரியும். உருவத்தைச் செய்பவர் மாடலர். அதற்குத் தோலும் துணியும் பூசுபவர் டெக்ஸ்சர் ஆர்ட்டிஸ்ட். உள்ளே எலும்புக்கூட்டையும் இழுவைகளையும் பொருத்துபவர் ரிக்கர். அந்த இழுவைகளைப் பிடித்து நடிக்க வைப்பவர் அனிமேட்டர். பிறகு லைட்டிங், கடைசியில் எல்லா அடுக்கையும் ஒன்றாகச் சேர்க்கும் கம்ப்பாசிட்டிங். கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டக்காரரிடம் ரிக் என்றால் என்ன என்று விளக்கவே வேண்டாம். எந்த மூட்டில் கயிறு கட்டினால் பொம்மை கையெடுத்துக் கும்பிடும், எதை இழுத்தால் தலை தனியாகத் திரும்பும் என்பது அவர் பரம்பரையாக அறிந்த தொழில்நுட்பம்.

கடலைக் கவனித்தவனுக்குக் கிடைக்கும் மதிப்பெண்

அனிமேஷனில் மிகக் கடினமான பாத்திரங்களில் ஒன்று தண்ணீர். அது நிற்காது, ஒரே வடிவத்தில் இருக்காது, ஒளியை விழுங்கவும் செய்யும், திருப்பி அடிக்கவும் செய்யும். தண்ணீர் பொய்யாக இருந்தால் கடலைப் பார்த்தே இராதவருக்குக்கூட உறுத்தும். ஜெர்ரி டெசென்டார்ஃப் என்ற இயற்பியலாளர், கடல்பரப்பை எண்ணற்ற சிறு அலைகளின் கூட்டுத்தொகையாகக் கணக்கிட்டு வரையும் முறையைத் திரைக்குக் கொண்டுவந்தார். ‘வாட்டர்வேர்ல்ட்’ (1995), ‘டைட்டானிக்’ (1997) படங்களின் கணினிக் கடலுக்குப் பின்னால் இந்த வழி இருக்கிறது. காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்பதிலிருந்துதான் அந்தக் கணக்கே ஆரம்பிக்கும்.

மீமிசல் கரையில் வளர்ந்தவருக்கு இந்தப் பாடத்தின் பாதி ஏற்கெனவே தெரியும். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஆர்ப்பரிக்கும் அலை இங்கே இல்லை. அதே கடல் வாடைக் காலத்தில் வேறு முகம் காட்டும், கச்சான் காற்றில் இன்னொன்று. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் விசைப்படகு ஏறுகிறவர்கள் நீரின் நிறத்தையும் சுருக்கத்தையும் பார்த்தே நிலவரம் சொல்வார்கள். அந்தக் கண் பெரிய சொத்து. அதை நோட்டில் இறக்கத் தெரிந்துவிட்டால், எந்த நுழைவுத் தேர்விலும் நகரத்துப் பிள்ளைக்கு முன்னால் போய் நிற்கலாம். வடிவமைப்புக் கல்லூரிகளின் தேர்வில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: பார்த்ததை வரைந்து காட்டு, பார்க்காததைக் கற்பனை செய்து காட்டு.

பார்த்துப் பழக இந்த மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் 9-ம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத் தாமரைக் குளம் இருக்கிறது. மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் என்று ஒரே சட்டத்துக்குள் எத்தனை அசைவு! குளத்தை எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறோம் என்றே சொல்ல முடியாதபடி இலைகளும் மொட்டுகளும் அடுக்கப்பட்டிருப்பதை ஒரு லே-அவுட் மாணவர் நாள் முழுக்க வரைந்து படிக்கலாம். தாலுகா தலைநகரான ஆவுடையார்கோவிலில் இருக்கிறது கல்லில் செய்த கொடுங்கை. மரச் சட்டமும் கம்பியும் ஆணியும் அடித்த கூரையைப் போலவே கருங்கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பொருளை இன்னொரு பொருளாக நம்ப வைக்கும் வேலையை டெக்ஸ்சர் ஆர்ட்டிஸ்ட் இன்று திரையில் செய்கிறார், அந்தத் தச்சர்கள் உளியால் செய்துவிட்டார்கள்.

பட்டறையிலிருந்து பட்டத்துக்கு

இந்தியாவில் இந்தக் கலை கல்லூரிக்குள் வந்தது தாமதமாகத்தான். 1915-லேயே தாதாசாகேப் பால்கே தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்திப் படமெடுத்துப் பார்த்தார். முறையான பயிற்சி 1956-ல் மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் தொடங்கியது. டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த இளைஞர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்ற ராம் மோகன். பிற்காலத்தில் ‘இந்திய அனிமேஷனின் தந்தை’ என்று பெயரெடுத்து, 2014-ல் பத்மஸ்ரீ வாங்கி, 2019-ல் மறைந்தவர். ஜப்பானின் யூகோ சாகோவோடு சேர்ந்து ராமாயணத்தை முழுநீள அனிமேஷன் படமாக்கியவரும் அவர்தான்.

சென்னைக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. பென்டாமீடியா நிறுவனம் 2000-ல் ‘சிந்துபாத்’ கதையை, நடிகர்களின் அசைவைப் பதிந்து உருவங்களுக்கு ஏற்றும் மோஷன் கேப்சர் முறையில் முழுநீளப் படமாக எடுத்தது. அதே நிறுவனத்தின் ‘பாண்டவாஸ்’ இந்தியாவின் முதல் முப்பரிமாண அனிமேஷன் படமாகி, சிறந்த ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. பங்குச் சந்தையில் அந்த நிறுவனம் ஏறியதும் இறங்கியதும் வேறு கதை. ஆனால் ஒரு தலைமுறைச் சென்னைக் கலைஞர்கள் அப்படிப்பட்ட தளங்களில்தான் தொழில் பழகினார்கள். ‘எந்திரன்’ (2010), ‘கோச்சடையான்’ (2014), ‘2.0’ (2018), ‘அயலான்’ (2024) என்று தமிழ் சினிமா ஒவ்வொரு படியாக ஏறியபோது ஆள் தேவை கூடியது. ஆஸ்கர் பலமுறை வென்ற டிஎன்இஜி போன்ற பன்னாட்டு ஸ்டுடியோவும் சென்னையில் கடை விரித்தது. ஆள் வேண்டும் என்றதும் பயிற்சி மையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. பட்டப்படிப்பு அதற்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்தது.

தெரியாமல் கிடக்கும் கதவுகள்

மலிவான கதவுகள்தான் அதிகம் பேருக்குத் தெரியாமல் இருக்கின்றன. அரசு நிறுவனங்களுக்குச் சுவர் விளம்பரம் கிடையாது.

முதல் கதவு சென்னை தரமணியில் இருக்கும் தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். 1945-ல் தொடங்கிய இடம். பி.சி.ஸ்ரீராம் படித்த இடம். 1986-ல் ‘ஊமை விழிகள்’ எடுத்துக் கோடம்பாக்கத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த மாணவர் கூட்டம் கிளம்பிய இடம். இங்கே ஒளிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு ஆகியவற்றோடு அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கும் நான்கு வருட பி.வி.ஏ. பட்டப்படிப்பு இருக்கிறது. பட்டம் தருவது தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம். இடங்கள் மிகக் குறைவு. நாளிதழில் சேர்க்கை அறிவிப்பு வரும் வாரத்தைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

இரண்டாவது கதவு கவின்கலைக் கல்லூரி. எழும்பூரில் இருப்பது 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கியது. தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ்.பணிக்கரும் முதல்வர்களாக இருந்தது. கும்பகோணத்தில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி மீமிசலுக்கு இன்னும் பக்கம். இரண்டிலும் ஓவியம், சிற்பத்தோடு காட்சித் தொடர்பு வடிவமைப்பும் பட்டப்படிப்பாக உண்டு. பெயரில் அனிமேஷன் இல்லையே என்று ஒதுக்கிவிட வேண்டாம். நான்கு வருடம் கையால் வரைந்து பழகியவர் கம்ப்யூட்டரைப் பழகச் சில மாதங்கள் போதும். கம்ப்யூட்டரை மட்டும் பழகியவர் வரையப் பழக அத்தனை வருடமும் வேண்டியிருக்கும்.

மூன்றாவது, தேசிய அளவிலான நுழைவுத் தேர்வுகள். 1961-ல் தொடங்கிய அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யில் அனிமேஷன் ஃபிலிம் டிசைன் தனிப் பிரிவு. இதற்கு ‘டாட்’ என்ற நுழைவுத் தேர்வு. ஐ.ஐ.டி. மும்பை நடத்தும் ‘யூசீட்’ எழுதினால் ஐ.ஐ.டி.க்களில் பி.டெஸ். சேரலாம், ஐ.ஐ.டி. மும்பையில் அனிமேஷனுக்கென்றே எம்.டெஸ். உண்டு. ப்ளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் யூசீட் எழுதலாம் என்பது கிராமத்துப் பள்ளிகளில் பலருக்குத் தெரியாது. ஐ.ஐ.டி. என்றாலே கணக்கும் இயற்பியலும்தான் என்று வரலாறு பிரிவு மாணவர் ஒதுங்கிவிடுகிறார். கொல்கத்தாவின் சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனத்தில் பட்டதாரிகளுக்கு அனிமேஷன் சினிமா முதுநிலைப் படிப்பும் இருக்கிறது.

நான்காவது, கலை அறிவியல் கல்லூரிகளின் விஸ்காம், பி.எஸ்சி. அனிமேஷன் போன்ற மூன்று வருடப் படிப்புகள். தமிழ்நாட்டில் அதிகம் பேர் சேர்வது இதில்தான், தரத்தில் ஏற்ற இறக்கம் அதிகமும் இதில்தான். சென்னை லயோலா போன்று பெயரெடுத்த துறைகளும் உண்டு. நான்கு பழைய கம்ப்யூட்டரோடு நடக்கும் துறைகளும் உண்டு.

செலவுக்கு வருவோம். மாநில அரசு நிறுவனங்களில் கட்டணம் ஆயிரங்களில் முடியும், தனியாரில் லட்சங்களுக்குப் போகும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. இவை பட்டப்படிப்புக்கும் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளுக்கும் பொருந்துபவை. தெருமுனைப் பயிற்சி மையத்தின் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தால் இந்த உதவி எதையும் எதிர்பார்க்க முடியாது.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

விளம்பரத்தில் இருக்கும் டிராகனைக் கல்லூரி மாணவர் செய்தாரா, விலைக்கு வாங்கிய படமா என்பதில் தொடங்கி, கூச்சப்படாமல் கேட்க வேண்டிய சில கேள்விகள்:

• பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? யு.ஜி.சி. பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா? தொலைதூரக் கல்விப் பட்டத்தை நேரடி வகுப்புப் பட்டம்போல விற்கிறார்களா?

• கடந்த வருட மாணவர்களின் வேலைகளைத் தொகுத்த ‘ஷோரீல்’ வீடியோ எங்கே? இரண்டு நிமிடம் பார்த்தாலே போதும். எல்லோருடைய வேலையும் ஒரே மாதிரி இருந்தால், ஆசிரியர் கொடுத்த கோப்பை எல்லோரும் நகலெடுத்திருக்கிறார்கள்.

• சொல்லித்தருபவர் எந்தப் படத்தில், எந்தத் தொடரில் வேலை செய்தவர்? சென்ற வருடம் அங்கேயே படித்து முடித்தவர் இந்த வருடம் ஆசிரியராகியிருக்கிறாரா?

• வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வரைதல் வகுப்பு? வகுப்பு முடிந்த பிறகு லேப் எத்தனை மணி வரை திறந்திருக்கும்?

• வேலைவாய்ப்பு என்று சொல்வது என்ன வேலை? அனிமேட்டரா, ரோட்டோவா, அல்லது கால் சென்டரா?

கடைசிக் கேள்விக்குப் பதில் வராமல் காபி வந்தால் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

சோறு போடுமா?

போடும், ஆனால் முதல் சில வருடங்கள் அரை வயிற்றுக்குத்தான். சென்னையிலோ ஹைதராபாத்திலோ பெங்களூருவிலோ விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டுடியோவில் நுழைகிற ஃப்ரெஷருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ். நடிகரின் உருவத்தை ஃபிரேம் ஃபிரேமாகக் கோடிட்டுப் பிரிப்பது ரோட்டோ. தொங்க விட்ட கம்பியையும் பின்னால் தெரியும் மைக்கையும் அழிப்பது பெயின்ட். கேமரா நகர்ந்த வழியைக் கம்ப்யூட்டருக்குள் மீட்டெடுப்பது மேட்ச்மூவ். பொறுமை கேட்கிற, சம்பளம் குறைந்த, டெலிவரி நெருங்கினால் ராத்திரி பகல் பார்க்காத வேலைகள். இங்கிருந்து கம்ப்பாசிட்டிங்குக்கோ லைட்டிங்குக்கோ ஏறுகிறவர்கள் உண்டு. அடிப்படை வரைதலும் ஒளியறிவும் உள்ளவர்கள் சீக்கிரம் ஏறுகிறார்கள். மற்றவர்கள் அங்கேயே தேங்கிவிடுகிறார்கள்.

தொழிலின் ஆட்டத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். புதுச்சேரிப் பையன் புலியோடு படகில் தத்தளிக்கும் ‘லைஃப் ஆஃப் பை’ 2013 பிப்ரவரியில் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கரை வென்றது. அந்தப் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் அதே மாதம்தான் திவால் மனு போட்டிருந்தது. மும்பையிலும் ஹைதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன. 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, படப்பிடிப்பே இல்லாமல் இந்திய ஸ்டுடியோக்களில் ஆர்டர் வறண்டது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்து, இந்தியாவில் மட்டும் சுமார் 3,000 பேர் வேலை இழந்தார்கள். எங்கோ முடிவாகும் படத்துக்கு இங்கே கூலிக்கு வேலை பார்க்கும் தொழில் என்பதால் அங்கே மழை நின்றால் இங்கே கண்மாய் வற்றுகிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. 2025 மார்ச்சில் ஊரே தன் குடும்பப் படத்தை ஜப்பானின் கிப்லி பாணியில் மாற்றிப் பகிர்ந்தது. ஒரு பாணியை ஒரு நொடியில் நகலெடுத்துவிட முடிகிறது என்றால் நான்கு வருடம் வரையப் படிப்பது எதற்கு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ரோட்டோ, இன்பிட்வீன், நிறம் நிரப்புதல் போன்ற அடிப்படை வேலைகளைத்தான் இந்தக் கருவிகள் முதலில் எடுத்துக்கொள்கின்றன. ஃப்ரெஷர் கால் வைக்கும் முதல் படி அதுதான் என்பதால் பாதிப்பு நிஜம். அந்தப் படியை மட்டும் குறிவைத்து ஆறு மாதப் பயிற்சி தரும் மையத்தில் பணம் கட்டுவது முன்பைவிட இப்போது ஆபத்து.

கருவி தந்த நூறு படங்களில் எது சரி, நடையில் எங்கே எடை இல்லை, முகத்தில் எங்கே பொய் இருக்கிறது, அடுத்த ஷாட்டில் அதே பாத்திரம் அதே ஆளாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்துகிறவருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. அந்த ஆள் பந்தைப் பல நூறு முறை குதிக்க வைத்துப் பழகியவராக இருப்பார்.

கூலி வேலையிலிருந்து சொந்தக் கதைக்கு

2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை லாட்வியா வென்றது. பால்டிக் கடலோரத்தில் இருக்கும் சின்ன நாடு. அதற்கு அதுதான் முதல் ஆஸ்கர். கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய ‘ஃப்ளோ’வில் ஒரு வசனம்கூடக் கிடையாது. வெள்ளம் உலகத்தை மூழ்கடிக்கிறது, ஒரு பூனை படகேறித் தப்பிக்கிறது, அவ்வளவுதான். படம் முழுக்க ‘பிளெண்டர்’ என்ற இலவச மென்பொருளில் செய்யப்பட்டது. அந்த இயக்குநர் அதற்கு முன்னால் ‘அவே’ என்ற முழுநீளப் படத்தைத் தனி ஆளாகவே செய்து முடித்தவர்.

பிளெண்டருக்கும் ஒரு கதை இருக்கிறது. அதை வைத்திருந்த நிறுவனம் நொடித்தபோது, உருவாக்கிய டான் ரூஸண்டால் 2002-ல் இணையத்தில் மக்களிடம் கையேந்தினார். ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ சேர்ந்தது. மென்பொருள் பொதுச்சொத்தானது. வரைவதற்குக் கிரீட்டாவும் இலவசம். லட்ச ரூபாய் மென்பொருள் இல்லாமல் படிக்க முடியாது என்று சொல்லிப் பணம் வசூலிக்கும் நிறுவனத்துக்கு இந்த ஒரு படமே பதில். பழகுவதற்குத் தேவை ஓரளவு நல்ல கம்ப்யூட்டர், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா டேப்லெட், நிறைய நேரம்.

பக்கத்திலேயே இன்னொரு உதாரணம். 2021-ம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த அனிமேஷன் படம் மலையாளத்தின் ‘கண்டிட்டுண்டு’. இயக்கியவர் அதிதி கிருஷ்ணதாஸ். கேரளத்து முதியவர் ஒருவர் தான் ‘கண்ட’ பேய் பிசாசுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறார், கறுப்பு வெள்ளைக் கோடுகள் அந்தக் குரலின் பின்னால் ஓடுகின்றன. முதலீடு ஒரு தாத்தாவின் குரலும் அவர் சொன்ன கதையும். இந்தக் கடற்கரையில் அப்படிப்பட்ட குரல்களுக்கு என்ன குறை? காற்றில் திசைமாறிப் போன படகு, எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுத் திரும்பி வந்தவர்களின் அனுபவம், சபுர் போனவர் கேசட்டில் பேசி அனுப்பிய கடிதம் எல்லாம் இன்னும் யாரும் வரையாத கதைகள்.

சந்தையும் மாறிக்கொண்டிருக்கிறது. 2025-ல் வந்த ‘மகாவதார் நரசிம்மா’ 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. அனிமேஷன் என்றால் குழந்தைகளுக்கான டிவி சமாச்சாரம் என்று ஒதுக்கிய திரையரங்குகள் கூடுதல் காட்சி போட்டன. கேட்கும் கூட்டம் இருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. தமிழில் சொல்லும் ஆட்களைத் தயார்செய்வதில்தான் சுணக்கம்.

அரசு செய்யக்கூடிய ஒன்று இங்கே இருக்கிறது. மீமிசல் பிள்ளைக்குத் தரமணி என்பது ஒரு ராத்திரிப் பஸ் பயணமும், சென்னை வாடகையும், பெண் பிள்ளையானால் ஹாஸ்டல் பயமும் சேர்ந்த தூரம். அறந்தாங்கியிலும் புதுக்கோட்டையிலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் முப்பது கம்ப்யூட்டரோடு ஒரு அனிமேஷன் லேப், கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியிலிருந்து வந்து வரைதல் சொல்லித்தர ஓர் ஏற்பாடு, மென்பொருளுக்குப் பிளெண்டர். இதற்குப் பெரிய திட்டமதிப்பீடு தேவையில்லை. மத்திய அரசு 2022 பட்ஜெட்டில் இந்தத் துறைக்குத் தனிப் பணிக்குழு அறிவித்தது. 2024-ல் மும்பையில் தேசிய மையத்துக்கு ஒப்புதல் தந்தது. மும்பையில் மையம் வருவதால் மட்டும் மீமிசலுக்கு ஒன்றும் வந்து சேர்ந்துவிடாது.

இப்போது ப்ளஸ் டூ படிக்கிறவர் காத்திருக்க முடியாது. டாட், யூசீட் விண்ணப்பங்கள் ரிசல்ட்டுக்கு வெகு முன்பே, பள்ளி வருடத்தின் நடுவிலேயே முடிந்துவிடும். தீபாவளிக்கு முன்பே அந்த இணையதளங்களைப் பார்க்கத் தொடங்க வேண்டும். தரமணிக்கும் கும்பகோணத்துக்கும் ரிசல்ட்டுக்குப் பிறகு அறிவிப்பு வரும். அதுவரை வரைந்து சேர்த்த நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், நேர்காணலில் சான்றிதழைவிட அவை அதிகம் பேசும்.

பெற்றோருக்கு ஒரு யோசனை. லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன் நூறு ரூபாய்க்கு நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். ஆறு மாதம், தினமும் ஒரு பக்கம். மீன் ஏலம், பஸ் ஸ்டாண்ட், தூங்கும் பூனை, வலை பின்னும் கை எதுவானாலும் பார்த்து வரைய வேண்டும், போனைப் பார்த்து வரையக் கூடாது. ஆறு மாதம் கழித்தும் பிள்ளை நோட்டு கேட்டால் தைரியமாகக் கல்லூரி தேடலாம். பத்தாம் நாளே நோட்டு மூலைக்குப் போய்விட்டால் அந்த லட்சங்கள் மிச்சம். வேறு படிப்புக்கு உதவும்.